விளக்குக்குக் கீழே நின்றவர்

சென்ற ஆண்டு மாசி மாதம் எங்கள் ஊர் வீடு விலைக்குப் போயிற்று. சித்தப்பா மகனோடு நாகர்கோவிலுக்கே குடிபோவதாக ஏற்பாடு. வீட்டைக் காலி செய்ய ஒரு கை கொடுக்கலாமே என்று டில்லியிலிருந்து போயிருந்தேன். பரணில் இருந்த சாமான்களை உறவினர்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு வெண்கல உருளி, இன்னொருவருக்கு நாழியும் மரக்காலும். மூன்றாம் மாடி ஃபிளாட்டில் குடியிருக்கும் எனக்கு எது பயன்படும்? யோசித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா ஒரு சாக்கு மூட்டையை என் கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால், பச்சைக் களிம்பு பூத்த ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு!

"ஒங்க அப்பாவுக்க சாமானாக்கும். பத்திரமா கொண்டு போ, மக்களே" என்றார்.

பெட்ரோமாக்ஸ் என்றதும் அன்பர்களில் பாதிப் பேருக்கு ஊர்த் திருவிழா நினைவுக்கு வரும். மீதிப் பேருக்குக் கவுண்டமணியும் செந்திலும் நினைவுக்கு வருவார்கள். 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் மாண்டிலை நசுக்கித் தூளாக்கிவிட, கவுண்டமணி படும் பாட்டைப் பார்த்து நாற்பது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்த மாண்டில் ஏன் தொட்டதும் உதிர்ந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு தொடர்பும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரயிலில் மண்ணெண்ணெய் கொண்டு போகக் கூடாது. ஆகவே டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்து, கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, திருக்குறள் எக்ஸ்பிரஸில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டு வந்து சேர்த்தேன். அப்படியும் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது.

வீட்டில் வரவேற்பு பலவிதம். "இதை எங்கே வைப்பது?" என்றாள் மனைவி. கல்லூரியில் படிக்கும் மகனுக்கோ ஒரே உற்சாகம். "பாட்டா வீட்டுல பெட்ரோமாக்ஸ் இருந்துதா? அப்போ நாம பெரிய ஆளுங்கதான்!" நானும் சிறு வயது முதல் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்தக் காலத்தில் சொந்தமாகப் பெட்ரோமாக்ஸ் வைத்திருந்த வீடு ஊரில் ஒன்றோ இரண்டோதான். எங்கள் சங்கத்தின் பொங்கல் விழாவில்கூட ஒருமுறை இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவுக்கு வயது எண்பத்து மூன்று. விளக்கைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

அவருக்கு அந்த பால்கனி பிடித்த இடம். கல்யாண சீசனில் எங்கள் தெரு வழியாகப் பாராத் ஊர்வலம் போகும்போதெல்லாம் மாப்பிள்ளையும் குதிரையும் கண்ணை விட்டு மறையும் வரை நிற்பார். இரு பக்கமும் விளக்குச் சுமந்து நடப்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தனுப்புவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. பெரியவரின் நல்ல மனசு என்று விட்டுவிட்டோம்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

வைகாசியில் வேலையை ஆரம்பித்தேன். பழுது பார்ப்பதற்கு முன், இந்த விளக்கு எப்படி எரிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

அரிக்கன் விளக்கில் திரி எண்ணெயை உறிஞ்சுகிறது. மஞ்சள் சுடர் எரிகிறது. பெட்ரோமாக்ஸில் திரி கிடையாது. டேங்கில் பாதிக்கு மேல் மண்ணெண்ணெய் இருக்கும். மேலே உள்ள இடத்தில் பம்பினால் காற்றை அடைக்கிறோம். அந்த அழுத்தம் எண்ணெயை ஒரு மெல்லிய பித்தளைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. அந்தக் குழாய் சூடாக இருப்பதால் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் ஊசித் துவாரம் வழியே சீறிக்கொண்டு வெளியேறிக் காற்றோடு கலந்து எரிகிறது. 'உஸ்ஸ்' என்று கேட்குமே, அது இந்தச் சீறல்தான். அப்படி எரியும் சுடர் நீல நிறம். அதில் வெளிச்சம் அதிகம் இல்லை, சூடுதான் அதிகம். அந்தச் சூட்டில் பழுத்து வெண்மையாக ஒளிர்வது மாண்டில் என்னும் வலைப்பை. எரிவது ஒன்று, ஒளிர்வது இன்னொன்று.

பெர்லின் நகரத்து எர்ரிச் அண்டு கிரேட்ஸ் கம்பெனியில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவர் 1910-ஐ ஒட்டி இதை உருவாக்கினார். பெட்ரோலியத்தின் 'பெட்ரோ'வும் அவர் பெயரின் 'மாக்ஸ்'ஸும் சேர்ந்து பெட்ரோமாக்ஸ் ஆயிற்று. பிறகு யார் செய்த விளக்கானாலும் நமக்கு அது பெட்ரோமாக்ஸ்தான். எங்கள் விளக்கில் பெயர் பொறித்த இடம் தேய்ந்து போயிருந்ததால் எந்த ஊர்ச் சரக்கென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பழுது பார்த்த படலம்

முதல் வேலை டேங்கைச் சோதிப்பது. பழைய பித்தளையில் மயிரிழை போன்ற விரிசல் விழுவது உண்டு. விரிசல் கண்ட டேங்கை ஈயம் வைத்து அடைத்துக் காற்றடிப்பது ஆபத்தை விலைக்கு வாங்குவது போல. அப்படிப்பட்ட விளக்கைத் துடைத்து அலமாரியில் வைத்துக் கும்பிடலாம், ஏற்றக் கூடாது. எங்கள் டேங்கில் ஒரு பக்கம் கட்டை விரல் அளவுக்கு ஒடுக்கு விழுந்திருந்ததே தவிர, விரிசல் இல்லை.

உள்ளே பழைய எண்ணெய் பிசின் போல ஒட்டிக்கிடந்தது. புது மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்துக் குலுக்கிக் கொட்டினேன். பிறகு வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து அலசி, நன்றாக உலர்த்தினேன். வெளியே பித்தளைக்கு நம் புளிதான். அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம். அழுத்தம் தாங்க வேண்டிய பித்தளையில் விரிசல் விழ அதுவே காரணமாகிவிடும்.

மண்ணெண்ணெய்க்கு அலைந்தது தனிக் கதை. 2014-ல் டில்லி மண்ணெண்ணெய் இல்லாத நகரம் என்று அறிவிக்கப்பட்டது. ரேஷன் கடை க்யூவில் பிளாஸ்டிக் கேனோடு நின்ற தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, ஒரு லிட்டருக்காக இத்தனை பேரிடம் விசாரிக்க வேண்டி வந்தது வேடிக்கையாக இருந்தது. கடைசியில் பாகங்களைக் கழுவுவதற்கென்று ஒரு பட்டறையில் வாங்கி வைத்திருந்த பிரிக்காத டின்னிலிருந்து கிடைத்தது. அந்த நாள் ரேஷன் எண்ணெய் போல நீலச் சாயம் இல்லாத வெள்ளை மண்ணெண்ணெய். கிடைக்கவில்லையே என்று பெட்ரோலை மட்டும் யாரும் ஊற்றிவிடாதீர்கள். அது விளக்கல்ல, வெடிகுண்டு.

அடுத்தது பம்ப். கம்பியின் நுனியில் கிண்ணம் போல ஒரு தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்து சுருங்கினால் காற்று ஏறாது. ஊர் வழக்கப்படி தேங்காய் எண்ணெயில் ஊறப் போட்டேன். கோடையில் பிரமாதமாக வேலை செய்தது. மார்கழிக் குளிரில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில் என்ன ஆகும் என்று டில்லிவாசிகளுக்குச் சொல்ல வேண்டுமா? பம்புக்குள்ளும் அதே கதிதானே! எடுத்துத் துடைத்துவிட்டு விளக்கெண்ணெய்க்கு மாறினேன்.

பம்பின் அடியில் ஒரு சின்ன வால்வு உண்டு. உள்ளே போன காற்றைத் திரும்ப வர விடாமல் தடுப்பது அதன் வேலை. அது பழுதானால் அடித்த பம்ப் தானாகவே மேலே எழும்பி வரும். அதைக் கழற்ற நீளமான ஒரு தனிச் சாவி வேண்டும். சாவ்ரி பஜார் பக்கம், ஸ்டவ் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தேன். அவர் விளக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஹண்டா!" என்றார். இங்கே ஊர்வல விளக்குக்கு அதுதான் பெயர். ஐந்து நிமிடத்தில் வால்வைக் கழற்றி, கல் போல இறுகியிருந்த சிறு அடைப்பை மாற்றிக் கொடுத்தார். ஒடுக்கையும் தட்டி எடுத்துவிடவா என்று கேட்டார். வீட்டுக்குப் போன் செய்து அப்பாவிடம் கேட்டேன். "ஒடுக்கை எடுக்கண்டாம்" என்றார். விளக்கைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஆவிக் குழாயின் உள்ளே கரி அடைத்திருந்தது. நிப்பிளின் துவாரத்தைச் சுத்தம் செய்யும் பின் வளைந்திருந்தது. இரண்டையும் புதிதாக மாற்றினேன். மாண்டில், வாஷர், கண்ணாடி எல்லாம் இன்று இணையத்தில் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. பழைய திருகுகளைச் சுற்றியிருக்கும் நூல் பேக்கிங்கை எடுக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அது ஆஸ்பெஸ்டாஸாகவும் இருக்கக்கூடும். நனைத்து எடுக்க வேண்டும், ஊதக் கூடாது.

எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெய் விடாமல் வெறும் காற்றை மட்டும் அடித்து, டேங்கை வாளித் தண்ணீரில் அமுக்கினேன். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். மூடியருகே ஒரு குமிழி வந்தது. வாஷரை மாற்றினேன். அடுத்த முறை குமிழி இல்லை.

அவசரக்காரன் ஏற்றிய விளக்கு

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டைமாடியில் வெள்ளோட்டம். பக்கத்தில் ஒரு வாளி மணல். அப்பா வழக்கம்போல அங்கே நடந்துகொண்டிருந்தார்.

பெட்ரோமாக்ஸை ஏற்றுவதில் ஒரே ஒரு ரகசியம்தான் உண்டு. முதலில் சூடு, பிறகு எண்ணெய். ஆவிக் குழாயின் அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. அதில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைத்து, குழாய் நன்றாகச் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு கிண்ணம் போதாவிட்டால் அது அணைந்து ஆறிய பின் இன்னொரு கிண்ணம். எனக்கோ பொறுமையில்லை. ஸ்பிரிட் பாதி எரிந்துகொண்டிருக்கும்போதே பம்ப் அடித்துத் திருகைத் திருப்பிவிட்டேன். ஆவியாகாத எண்ணெய் அப்படியே பீய்ச்சியடித்து, ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் தீ எழுந்தது. குப்பென்று கரும்புகை. மகன் பின்னால் பாய்ந்தான். நான் திகைத்து நின்றுவிட்டேன்.

"காத்தைத் தெற! மூடியில உள்ள திருகைத் தெற!"

அப்பாவின் குரல். அவ்வளவு உரக்க அவர் பேசிக் கேட்டுப் பல வருடம் ஆகிறது. மூடியிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தினேன். 'புஸ்' என்று காற்று போனதும் தீ தாழ்ந்து அணைந்தது.

அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளக்கு ஆறும் வரை காத்திருந்து, கரியைத் துடைத்துவிட்டு, நடுங்கும் விரல்களால் புது மாண்டிலைக் கட்டினார். சுருக்கங்கள் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்படி விரலால் நீவி விட்டார். "சூடாகதுக்கு முன்னே எண்ணெயை விட்டா அது வெளக்கில்ல மக்களே, தீப்பந்தமாக்கும்" என்றார். ஸ்பிரிட்டை ஊற்றினார். காத்திருந்தார். இன்னொரு கிண்ணம் ஊற்றினார். காத்திருந்தார். பிறகு மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு பம்ப். மாண்டில் முதலில் கருத்து, சுருங்கி, பின் ஓரத்திலிருந்து வெளுத்து, பந்து போல உப்பி, பளீரென்று பகலாயிற்று. அதன் பிறகுதான் அழுத்தமானியின் சிவப்புக் கோடு வரை பம்ப் அடிக்கச் சொன்னார்.

மணவாளக்குறிச்சி மணல்

மாண்டிலின் கதையைச் சொல்வதாகச் சொன்னேனே. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற வேதியியல் அறிஞர் 1885-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் செய்தது சரியாக அமையவில்லை. 1891-ல் 99 பங்கு தோரியம் ஆக்ஸைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடு என்ற கலவையைக் கண்டுபிடித்தார். இவற்றின் உப்புக் கரைசலில் நனைத்த துணிதான் மாண்டில். முதல் முறை ஏற்றும்போது துணி எரிந்துபோகிறது. மிஞ்சுவது துணியின் வடிவத்தில் நிற்கும் சாம்பல் கூடு. அதனால்தான் விரல் பட்டாலே உதிர்ந்துவிடுகிறது. ஓட்டை விழுந்த மாண்டிலோடு விளக்கை எரிக்கக் கூடாது. ஓட்டை வழியே பாயும் சுடர் கண்ணாடியை உடைத்துவிடும். தோரியம் சிறிதளவு கதிரியக்கம் உடையது. ஆகவே உதிர்ந்த தூளை மூக்கில் ஏற விடாமல் துடைத்து, கையைக் கழுவிக்கொள்வது நல்லது. இப்போது தோரியத்துக்குப் பதிலாக இட்ரியம் கலந்த மாண்டில்களும் வருகின்றன.

தோரியம் எங்கே கிடைக்கும்? மோனசைட் என்னும் கனிமத்தில். அதற்கு முதலில் உலகம் பிரேசிலை நம்பியிருந்தது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டின் தடயத்தைக் கண்டு, அதைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. மண்டைக்காட்டம்மன் கோயிலுக்குப் பக்கத்துக் கடற்கரை. அதன் பின் அந்த மணல் கப்பலேறி, மாண்டிலாக உலகமெல்லாம் எரிந்தது. இன்றும் மத்திய அரசு நிறுவனம் ஒன்று அங்கே மணலிலிருந்து கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது. சுற்றுவட்டாரத்து மக்கள் தங்கள் உடல்நலம் பற்றிய கவலையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்பா பிறந்தது அந்தக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

அப்பா சொன்னது

அன்று விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, கார்த்திகை தீபத்தன்று நண்பர்களை அழைத்து இதை ஏற்றப் போவதாக மகன் சொன்னான். 'எங்கள் மூதாதையர் வீட்டு விளக்கு' என்று அட்டையில் எழுதியும் வைத்திருந்தான். அப்பா அதை வாங்கிப் படித்தார்.

"இது நம்ம வீட்டு வெளக்கில்ல, மக்களே" என்றார். "நம்ம வீட்டுல மண்ணெண்ணெய்ச் சிமினிதான். இது வாடகைக் கடை வெளக்கு. நான் இதைச் சொமந்தவனாக்கும்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-ஐ ஒட்டிய காலம். அவருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. கல்யாண ஊர்வலம், கோயில் கொடை என்று எது வந்தாலும் கடைக்காரர் பையன்களைக் கூப்பிடுவார். தலையில் சும்மாடு, அதன் மேல் விளக்கு. ஒரு ராத்திரிக்கு நாலணா. உச்சி காயும், பூச்சிகள் முகத்தில் மோதும், கழுத்தைத் திருப்ப முடியாது. "சாமி எழுந்தருளும். எல்லாரும் கும்பிடுவா. நான் நிமிந்து பாக்க முடியாது. பாத்தா வெளக்கு விழுந்திரும். பத்துக் கொடைக்கு வெளக்குப் பிடிச்சிருக்கேன். ஒரு தடவைகூட அம்மனைப் பாத்ததில்ல."

ஒரு தடவை கல் தடுக்கி விளக்கைப் போட்டுவிட்டார். டேங்கில் அந்த ஒடுக்கு அப்போது விழுந்ததுதான். அடியும் கிடைத்தது, இரண்டு ராத்திரிக் கூலியும் போயிற்று.

1964-ல் டில்லியில் குமாஸ்தா வேலைக்கு வந்தார். பத்து வருடம் கழித்து லீவில் போனபோது, ஊரில் கரண்ட் வந்து, கடைக்காரர் விளக்குகளைப் பித்தளை விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒடுக்கை அடையாளம் வைத்துத் தாம் சுமந்த விளக்கைத் தேடி எடுத்து வாங்கியிருக்கிறார். எதற்காக என்று கேட்டேன். "தெரியல. வேற ஆளு உருக்கிரக் கூடாதுன்னு தோணிச்சு" என்றார்.

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பெரிய வீட்டு விளக்கு என்று சங்க மேடையில் நான் பேசிய அன்று, அவர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். என்னைக் குறுக்கிட்டுத் திருத்த அவருக்கு மனம் வந்திருக்காது.

வெளியூருக்குப் பிழைக்க வந்த நம்மில் பலர் ஊரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வயலையும் தேரையும் சொல்கிறோம். எந்தக் கஷ்டத்திலிருந்து கிளம்பி வந்தோம் என்பதை விட்டுவிடுகிறோம். பிள்ளைகளும் விளக்கைப் பார்க்கிறார்கள். அதன் கீழே நின்றவரைப் பார்ப்பதில்லை.

கார்த்திகை தீபம்

கார்த்திகையன்று பால்கனியில் அகல் விளக்குகள், மொட்டைமாடியில் பெட்ரோமாக்ஸ். இருபது பேர் வந்திருந்தார்கள். ஏற்றியது அப்பா. இரண்டு கிண்ணம் ஸ்பிரிட் எரியும் வரை, கைபேசியை எடுத்தபடி இருந்த இளைஞர்கள்கூடப் பேசாமல் காத்திருந்தார்கள். வெளிச்சம் வந்ததும் அப்பா எழுந்து நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கீழே தெருவில் ஒரு பாராத் வந்தது. இப்போது ஹண்டா இல்லை. ஜெனரேட்டர் வண்டியோடு ஒயரால் இணைத்த மின்சார விளக்குகள். ஆனாலும் அவற்றைச் சுமந்து நடப்பவர்கள் மனிதர்கள்தான். யாரும் சொல்லாமலே மகன் தண்ணீர்க் கேனோடு கீழே இறங்கிப் போனான்.

திரும்பி வந்தவன், "பாட்டா, நான் ஒரு தடவை இதைத் தலையில வச்சு நிக்கட்டுமா? போட்டோ எடுக்கலாம்" என்றான்.

"வேண்டாம் மக்களே. அது ஸ்டூல்லயே இருக்கட்டும்" என்றார் அப்பா. "யாரு தலையிலயும் ஏத்தண்டாம்."

விளக்கு இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது, ஒடுக்கு தெரியும் பக்கம் முன்னால் இருக்கும்படி. மகன் பழைய அட்டையைக் கிழித்துவிட்டு வேறு எழுதி மாட்டியிருக்கிறான்: 'எங்கள் பாட்டா சுமந்த விளக்கு.'